படிவத்துக்குள் வராத பதில்கள்: கொழும்பு மாநாடொன்றின் பின்னூட்டம் குறித்த நிகழ்வு ஆய்வு

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள், சேவைகள் பற்றிக் கொழும்பில் இரண்டு நாட்கள் நடைபெற்ற ஒரு மாநாட்டின் பின்னர், பங்குபற்றியோரின் கருத்துக்களில் தமிழ்மொழிப் பகுதியைத் தொகுத்து அறிக்கையாக்கும் பொறுப்பு என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. வடக்கு, கிழக்கு, மலையகம், புத்தளம், கொழும்பு எனப் பல பகுதிகளிலிருந்தும் தமிழ் பேசுவோர் வந்திருந்தனர். சக்கர நாற்காலியைப் பயன்படுத்துவோர், விழிப்புலனற்றோர், செவிப்புலனற்றோர், போரில் கால்களை இழந்தோர், முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டோர், அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோர், பிரதேச செயலகங்களின் சமூக சேவை உத்தியோகத்தர்கள், தொண்டு நிறுவனப் பணியாளர்கள் ஆகியோர் அவர்களுள் அடங்குவர். ஏற்பாட்டாளர்களின் பெயரையும் மண்டபத்தின் பெயரையும் இங்கு தவிர்த்திருக்கிறேன். இங்கு விவரிக்கப்படும் குறைகள் இந்நகரில் நடக்கும் பல கூட்டங்களில் காணப்படுபவை; ஒரு நிறுவனத்தின் மீது மட்டும் அவற்றைச் சுமத்துவது நியாயமாகாது.

முதலில் எனக்குக் கிடைத்த சுருக்க அட்டவணையை மட்டும் பார்த்திருந்தால் மாநாடு எல்லா வகையிலும் சிறப்பாக நடந்தது என்றே எழுத வேண்டியிருந்திருக்கும். உணவு, மண்டப வசதி, வளவாளர்களின் தரம், நேர முகாமைத்துவம் ஆகிய தலைப்புகள் அனைத்திலும் ‘மிக நன்று’, ‘நன்று’ என்னும் கட்டங்களே பெருமளவில் அடையாளமிடப்பட்டிருந்தன. படிவங்களை மொழிவாரியாகப் பிரித்து, பதிவுப் பட்டியலுடன் ஒப்பிட்டபோது நிலைமை வேறாகத் தெரிந்தது. நிரப்பப்பட்டவற்றுள் பெரும்பாலானவை ஆங்கிலப் படிவங்கள். தமிழ்ப் படிவங்களே மிகக் குறைவு. அந்தக் குறைவான தமிழ்ப் படிவங்களிலும் கணிசமானவை உத்தியோகத்தர்களும் நிறுவனப் பணியாளர்களும் எழுதியவை. விழிப்புலனற்ற தமிழர் எவருடைய பதிலும் அங்கு இல்லை. சைகை மொழியில் பேசுவோரின் பதில்களும் இல்லை.

மாநாட்டுக்கு வருவதற்கும், அங்கு நடப்பதை விளங்கிக்கொள்வதற்கும், எழுந்து பேசுவதற்கும் எவருக்குத் தடைகள் மிகுந்திருந்தனவோ, அவர்களுக்கே கருத்துப்படிவத்தை நிரப்புவதற்கும் தடைகள் மிகுந்திருந்தன. அதனால் தடைகளைச் சந்திக்காதோரின் அனுபவமே அனைவரினதும் அனுபவமாக அட்டவணையில் நின்றது. இந்த ஆய்வு அந்த இடைவெளி எவ்வாறு உருவானது என்பதையும், மறுபடியும் கேட்டபோது என்ன தெரியவந்தது என்பதையும் பதிவு செய்கிறது.

சட்டம் சொல்வது

2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதும் அதற்கு மேற்பட்டவர்களுமான மக்களில் 8.7 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு செயற்பாட்டில் சிரமம் உள்ளவர்கள். எண்ணிக்கையில் அது 16 இலட்சத்தைத் தாண்டுகிறது. அவர்களின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கு 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் உள்ளது. கட்டடங்களுக்குள் தடையின்றிச் செல்வதற்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வர்த்தமானியில் வெளியாயின. சக்கர நாற்காலியைப் பயன்படுத்திய கலாநிதி அஜித் பெரேரா தொடுத்த வழக்கில், பொதுக் கட்டடங்கள் அந்த விதிகளுக்கு அமைய இருக்க வேண்டும் என்று 2011இல் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. ஐக்கிய நாடுகள் சபையின் மாற்றுத்திறனாளிகளுக்கான உரிமைச் சமவாயத்தில் 2007இல் கைச்சாத்திட்ட இலங்கை, 2016 பெப்ரவரியில் அதை ஏற்புறுதி செய்தது.

இச்சமவாயத்தின் இரண்டு உறுப்புரைகள் எமது விடயத்தோடு நேரடியாகத் தொடர்புடையவை. தம்மைப் பாதிக்கும் தீர்மானங்கள் எடுக்கப்படும்போது மாற்றுத்திறனாளிகளுடன், அவர்களது அமைப்புகள் ஊடாக, நெருங்கிக் கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது 4ஆம் உறுப்புரையின் 3ஆம் பந்தி. பொதுமக்களுக்கான தகவல்களை அவர்களுக்கு ஏற்ற வடிவங்களில், காலந்தாழ்த்தாமலும் மேலதிகச் செலவு சுமத்தாமலும் வழங்க வேண்டும் என்கிறது 21ஆம் உறுப்புரை. மாநாட்டின் பரிந்துரைகள் அமைச்சுக்குச் சமர்ப்பிக்கப்படவிருந்தன. ஆகவே பங்குபற்றியோரிடம் கருத்துக் கேட்பதும் அந்தக் கலந்தாலோசனையின் ஒரு பகுதியே. அதை மாநாட்டுச் செலவுக் கணக்கை முடித்து வைப்பதற்கான ஒரு சடங்காக எவரும் கருதிவிடக் கூடாது.

படிவம் எப்படி இருந்தது

ஒரே தாளின் இரு பக்கங்களிலும் அச்சிடப்பட்ட படிவம் மூன்று மொழிகளிலும் வழங்கப்பட்டது. அந்த முயற்சி பாராட்டுக்குரியது. பல கூட்டங்களில் அதுவும் இருப்பதில்லை. எனினும் ஆங்கிலப் படிவத்தை முதலில் வடிவமைத்து, அதே கட்டங்களுக்குள் தமிழைப் பொருத்தியிருந்தார்கள். தமிழ்ச் சொற்கள் அதிக இடம் பிடித்ததால் எழுத்தின் அளவு குறைக்கப்பட்டிருந்தது. பார்வை மங்கியோர் மட்டுமல்ல, மண்டபத்தின் மங்கலான வெளிச்சத்தில் வயது முதிர்ந்த எவரும் அதை வாசிக்கச் சிரமப்பட்டிருப்பார்கள்.

விழிப்புலனற்றோருக்கென இதே படிவம் மின்னஞ்சலிலும் அனுப்பப்பட்டிருந்தது. அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தபோது அது பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது தெரிந்தது. இலங்கையில் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் நெடுங்காலம் வழக்கிலிருக்கும் இந்த எழுத்துரு, ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டுவது. கண்ணுக்கு அது தமிழாகத் தெரியும்; கணினிக்குள் இருப்பதோ ஆங்கில எழுத்துக்களும் நிறுத்தக்குறிகளும். ‘தமிழ்’ என்று திரையில் தெரியும் சொல்லை, விழிப்புலனற்றோருக்குத் திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக் காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றே எடுத்துக்கொள்ளும். யுனிகோட் முறையில் தட்டச்சு செய்திருந்தால், என்விடிஏ என்னும் இலவசத் திரைவாசிப்பான் அதைத் தமிழாகவே வாசித்திருக்கும். மின்னஞ்சல் போய்ச் சேர்ந்தது. அதற்குள் இருந்த கேள்விகள் போய்ச் சேரவில்லை. பதிலளிக்காதவர்களை ‘ஆர்வம் காட்டாதோர்’ என்ற வரிசையில் சேர்த்திருந்தது அட்டவணை. அந்த வரியைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வருத்தம் சிறியதல்ல.

இணையத்தில் நிரப்பும் வாய்ப்பும் இருந்தது. அதற்கான கியூஆர் (QR) கட்டக்குறியீடு மண்டபச் சுவரில், நிற்பவரின் கண் மட்டத்தில் ஒட்டப்பட்டிருந்தது. உள்ளே கேள்விகள் இடப்பக்கமும் தரங்கள் மேல்வரிசையுமாக அமைந்த ஒரு பெரிய அட்டவணை. திரைவாசிப்பானைக் கொண்டு அத்தகைய அட்டவணைக்குள் நகரும் ஒருவர், எந்தக் கட்டம் எந்தக் கேள்விக்குரியது என்பதை மனதிலேயே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஒரு கேள்வி, அதன் கீழ் அதன் விடைகள் என்று அடுக்கியிருந்தால் இச்சிக்கல் எழுந்திராது.

செவிப்புலனற்றோரின் நிலை வேறு. பிறவியிலிருந்தே கேட்காமல், சைகையில் சிந்தித்து வளர்ந்தோர் பலருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி. ‘அமர்வுகளின் உள்ளடக்கம் தங்களது எதிர்பார்ப்புகளைப் பூர்த்தி செய்ததா?’ போன்ற ஒரு வாக்கியத்தை அவர்கள் முன் வைத்துவிட்டு, கட்டத்தில் அடையாளமிடச் சொல்வது அவர்களது கருத்தைக் கேட்பதாகாது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தடையாக இருந்தது நேரம். இரண்டாம் நாள் மாலை, நன்றியுரையின்போது படிவங்கள் விநியோகிக்கப்பட்டன. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மட்டக்களப்பு ஆகிய இடங்களுக்கு இரவு பஸ்ஸிலோ புகையிரதத்திலோ திரும்ப வேண்டியவர்கள் அதற்கு முன்னரே எழுந்து சென்றிருந்தனர். கோட்டைப் புகையிரத நிலையத்தின் சன நெரிசலில் சக்கர நாற்காலியுடன் மேடைக்குச் சென்று பெட்டியில் ஏறுவதற்கு மற்றவர்களுக்குத் தேவைப்படும் நேரம் போதாது என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிவார்கள். வெகுதூரத்திலிருந்து வந்தவர்கள் முதலில் வெளியேறுவார்கள்; கருத்து இறுதியில் கேட்கப்படும். இந்த வரிசை மாறாத வரையில், தொலைவிலுள்ள மாவட்டங்களின் குரல் ஒவ்வொரு மாநாட்டிலும் இவ்வாறே விடுபட்டுப் போகும்.

நிரப்பப்பட்ட தமிழ்ப் படிவங்களையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியவில்லை. சிலவற்றில் ஒரே கையெழுத்து இருந்தது; அழைத்து வந்த நிறுவனத்தின் பணியாளர் தம்முடன் வந்தோருக்காக எழுதிக் கொடுத்திருந்தார். பயணச் செலவையும் தங்குமிடத்தையும் ஏற்றுக்கொண்டவர்களைப் பற்றிக் குறை எழுதுவது நன்றியில்லாத செயல் என்னும் எண்ணம் நம் மக்களிடம் ஆழமாக உண்டு. அடுத்த முறை அழைக்காமல் விட்டுவிடுவார்களோ என்ற அச்சமும் உண்டு. அழைத்து வந்தவரே பக்கத்தில் நின்று எழுதும்போது இவை இரண்டும் சேர்ந்து ‘மிக நன்று’ என்னும் கட்டத்தில் போய் நிற்கும்.

இரண்டாம் முறை கேட்டது

இந்தக் குறைகளைச் சுட்டிக்காட்டி, தமிழ் பேசுவோரிடம் மறுபடியும் வேறு வழிகளில் கேட்க வேண்டும் என்று எழுதினேன். ஏற்பாட்டாளர்கள் தயக்கமின்றி இணங்கினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கேட்கும் விருப்பம் அவர்களிடம் இருந்தது, கேட்கும் முறையில்தான் பிழை இருந்தது. விழிப்புலனற்றோரிடமும் தூர இடங்களில் இருப்போரிடமும் தொலைபேசியில் பேசப்பட்டது. விரும்பியோர் வட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பினார்கள். செவிப்புலனற்றோருடன் காணொளி அழைப்பில் உரையாடியவர் செவிப்புலனற்ற இளைஞர் ஒருவர். உரைபெயர்ப்பாளர் அதைப் பின்னர் எழுத்தாக்கினார். கொழும்பில் வசிப்போர் வெள்ளவத்தையில் ஒரு சிறிய மண்டபத்தில் கூடினார்கள். ஏற்பாட்டு நிறுவனத்தைச் சேர்ந்த எவரும் கேள்வி கேட்கவில்லை. பெயர்கள் பதிவாகா என்பது ஒவ்வோர் உரையாடலின் தொடக்கத்திலும் சொல்லப்பட்டது.

கேள்விகளைக் குறைத்தோம். மாநாட்டில் எந்த இடத்தில் தொடர்ந்து பங்குபற்ற முடியாமல் போனது, எது பயன் தந்தது, சொல்ல வந்தும் சொல்லாமல் திரும்பியது என்ன என்பவையே அடிப்படை. திருப்தியா என்று கேட்டால் ஓம், எல்லாம் நல்லாத்தான் நடந்தது என்ற பதிலே முதலில் வரும். அம்மா, ஐயா, அண்ணா, அக்கா என்று அழைத்து, வீட்டை விட்டுப் புறப்பட்ட நேரத்திலிருந்து ஒவ்வொரு கட்டமாகக் கேட்டுச் சென்றபோது பேச்சு தானாகவே விரிந்தது.

பயணமும் உடலும்

அதிகம் பேசப்பட்டது பயணத்தைப் பற்றி. படிவத்தில் பயணம் குறித்து ஒரு கேள்விகூட இல்லை. வன்னியிலிருந்து வந்த முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டோர் இரவு முழுவதும் பஸ்ஸில் அமர்ந்து, காலையில் பதிவு மேசைக்கு வந்து, மாலை வரை மண்டபத்தில் அமர்ந்திருந்தார்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சியற்ற ஒருவர் நெடுநேரம் ஒரே நிலையில் அமர்ந்தால், அழுத்தப் புண் உருவாவது அவருக்கே தெரியாது. அப்புண் ஆறுவதற்கு வாரங்களும் மாதங்களும் செல்லும். கிருமி பரவினால் உயிருக்கே ஆபத்தாகலாம். இடையிடையே உடலை உயர்த்தி அழுத்தத்தைக் குறைப்பதும், சற்று நேரம் படுத்துக்கொள்வதும் அவர்களுக்கு மருத்துவத் தேவை. மண்டபத்தில் கட்டிலுடன் கூடிய ஓர் ஓய்வறை இருந்திருந்தால் போதும் என்றார்கள். அதற்கான இடமும் அங்கே இருந்தது. எவரும் கேட்காததால் எவருக்கும் தோன்றவில்லை.

மலசலகூடம் பற்றிப் பெண்களே அதிகம் பேசினார்கள். சக்கர நாற்காலி செல்லக்கூடிய மலசலகூடம் ஒன்று இருந்தது, அது பூட்டியிருந்தது, திறப்பு காவலாளியிடம் இருந்தது. ஒவ்வொரு முறையும் ஓர் ஆணிடம் சென்று திறப்பைக் கேட்பதற்குக் கூசி, பகல் முழுவதும் தண்ணீரைக் குறைத்துக் குடித்ததாகப் பலர் சொன்னார்கள். பஸ் ஏறுவதற்கு முன்பே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவது தமக்கு வழக்கம் என்றும் சொன்னார்கள். முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டோருக்கு நீர் குறைவது சிறுநீர்த் தொற்றுக்கு வழிவகுக்கும் என்பது தெரிந்தே அவர்கள் அவ்வாறு செய்கிறார்கள். ‘மண்டப வசதி: நன்று’ என்று அடையாளமிடப்பட்ட படிவங்களை வாசித்த எவருக்கும் இது தெரிந்திருக்க வழியில்லை.

உணவு பற்றிய குறைகள் சுவையைப் பற்றியவையல்ல. உயரமான மேசைகளில் வரிசையாக வைக்கப்பட்ட உணவைத் தாமே எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டு ஊன்றுகோல்களுடன் நடப்பவர் தட்டைப் பிடிக்க முடியாது; விழிப்புலனற்றவருக்கு எந்தப் பாத்திரத்தில் என்ன இருக்கிறது என்பது தெரியாது. தன்னார்வலர்கள் அன்போடு உதவினார்கள் என்பதை எல்லோரும் சொன்னார்கள். கூடவே, உதவிக்கு ஆள் வரும் வரை ஓரமாகக் காத்திருந்ததையும் சொன்னார்கள்.

மொழி

மூன்று மொழிகளிலும் உடனடி உரைபெயர்ப்பு வழங்கப்பட்டது. சிங்களத்தில் பேசப்பட்டதை ஒருவர் ஆங்கிலத்துக்கு மாற்ற, அதைக் கேட்டு மற்றொருவர் தமிழுக்கு மாற்றும் முறையே பெரும்பாலான அமர்வுகளில் பின்பற்றப்பட்டது. இரண்டு கைமாறி வரும்போது தாமதம் ஏற்படும். பேச்சாளர் கட்டுரையை வேகமாக வாசித்தால் தமிழ் அலைவரிசையில் இடையிடையே மௌனம் நிலவும். கேள்வி நேரம் தொடங்கிக் கைகள் உயர்ந்தபோது, தமிழில் கேட்டுக்கொண்டிருந்தோருக்கு உரையின் கடைசிப் பகுதி அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. கேள்விகளுக்கான நேரம் முடிந்த பின்னரே அவர்களுக்குக் கேள்வி எழுந்தது.

அவர்கள் கேட்க விரும்பியவை சாதாரணக் கேள்விகள் அல்ல. 1988ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை அரச தொழில்களில் 3 சதவீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. அது மாவட்ட மட்டத்தில் எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பதை ஒரு பட்டதாரி கேட்க விரும்பினார். 2023இல் தொடங்கிய அஸ்வெசும என்னும் அரச நலன்புரிக் கொடுப்பனவுத் திட்டத்தின் கீழ் ஏற்கெனவே கிடைத்து வந்த கொடுப்பனவுகள் எவ்வாறு கையாளப்படுகின்றன, மேன்முறையீட்டை எங்கு செய்வது என்பவை மலையகத்திலிருந்து வந்த பெற்றோரின் கேள்விகள். பதில் சொல்லக்கூடிய அதிகாரிகள் அதே மண்டபத்தில் அமர்ந்திருந்தார்கள்.

சைகை மொழிபெயர்ப்பு மேடையின் ஓரத்தில் வழங்கப்பட்டது. வடக்கிலிருந்து வந்தோர் அதன் பெரும்பகுதியைப் புரிந்துகொண்டார்கள். ஆயினும் விரல்களால் எழுத்துக்கூட்டிக் காட்டும் முறை சிங்களத்துக்கும் தமிழுக்கும் வேறுபடுவதால், பெயர்களும் சட்டச் சொற்களும் அவர்களுக்குப் பிடிபடவில்லை. திரையில் படங்கள் காட்டப்பட்டபோது விளக்குகள் அணைக்கப்பட்டன. உரைபெயர்ப்பாளரின் கைகளும் இருளில் மறைந்தன. ஒரே உரைபெயர்ப்பாளர் நெடுநேரம் தொடர்ந்து பணியாற்றியதையும் செவிப்புலனற்றோர் கவனித்திருந்தார்கள். இருபது, முப்பது நிமிடங்களுக்கு ஒருமுறை இருவர் மாறி மாறிச் செய்வதே உலகெங்கும் ஏற்கப்பட்ட நடைமுறை. அதற்கு மேல் சென்றால் களைப்பினால் பொருள் சிதையும்.

செவிக் கருவி அணிந்தோருக்கு, தலையணி ஒலிக்கருவியை அதன் மேல் மாட்டியபோது கீச்சொலி எழுந்தது. அவர்கள் எதையாவது ஒன்றைக் கழற்ற வேண்டியிருந்தது.

மேடை

மேடைக்குச் சாய்தளம் இல்லை. 60 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒரு மேடைக்கு, ஒன்றுக்குப் பன்னிரண்டு என்னும் பாதுகாப்பான சரிவில் சாய்தளம் அமைத்தால் 7.2 மீற்றர் நீளம் தேவைப்படும். மாநாட்டுக்கு முதல் நாள் பலகையை வைத்துச் சமாளிக்கக்கூடிய விடயமல்ல அது. எனவே சக்கர நாற்காலியில் வந்த பேச்சாளர்களுக்குக் கீழே தனி ஒலிவாங்கி வைக்கப்பட்டது. குழு உரையாடலில் மற்ற வளவாளர்கள் மேலே அமர்ந்திருக்க, அவர்கள் கீழிருந்து அண்ணாந்து பேசினார்கள். இதைப் பற்றிப் பேசியோரின் குரலில் கோபத்தைவிடச் சோர்வே அதிகம் இருந்தது. மேடையையே தவிர்த்து, அனைவரும் ஒரே தளத்தில் அமர்ந்து, பெரிய திரையில் முகங்களைக் காட்டியிருக்கலாமே என்று ஒருவர் சொன்னார். எனக்கும் அதுவே சரியான தீர்வாகப் படுகிறது. சாய்தளத்தைவிட அதற்குச் செலவும் குறைவு.

உரையாற்றிய மாற்றுத்திறனாளிகளுக்குத் தம் வாழ்க்கைக் கதையைச் சொல்லும் இடமே பெரும்பாலும் கொடுக்கப்பட்டது. கொள்கை, வரவுசெலவு, புள்ளிவிபரம் ஆகியவற்றைப் பற்றிப் பேசியோர் பிறர். விழிப்புலனற்ற ஆசிரியர்களும் சட்டத்தரணிகளும் இந்நாட்டில் இருக்கும்போது, சாட்சி சொல்ல மட்டும் தம்மை அழைப்பதைப் பலர் ஏற்கவில்லை. இது கட்டடமும் கருவியும் சம்பந்தப்பட்ட குறையல்ல. பணத்தால் தீரக்கூடியதும் அல்ல. அறிக்கையில் இதற்கு முதலிடம் கொடுத்தேன்.

பாராட்டியவையும் உண்டு, அவை படிவத்தில் வந்த பாராட்டுக்களைவிட நம்பத்தக்கவை. வெவ்வேறு மாவட்டங்களின் செவிப்புலனற்ற இளைஞர்கள் முதன்முறையாகச் சந்தித்து, தேநீர் இடைவேளைகளில் தத்தம் ஊர்ச் சைகைகளை ஒப்பிட்டுப் பேசியதை மாநாட்டின் மிகப் பெரிய பயன் என்றார்கள். சிங்களப் பெற்றோரும் தமிழ்ப் பெற்றோரும் ஒரே மேசையில் அமர்ந்து, பாடசாலை அனுமதி மறுக்கப்பட்ட அனுபவங்களைப் பகிர்ந்துகொண்டார்கள். இவை நிகழ்ச்சி நிரலில் எழுதப்படாத நேரத்தில் நடந்தவை.

ஒத்துப்போகாத கருத்துக்கள்

எல்லோரும் ஒன்றையே கேட்கவில்லை. பார்வை மங்கியோர் சிலருக்கு இருளில்தான் திரை தெளிவாகத் தெரியும். உதட்டசைவையும் சைகையையும் பார்ப்போருக்கு வெளிச்சம் வேண்டும். அறிவுசார் குறைபாடுள்ள இளையோருக்கு ஒலிபெருக்கியின் சத்தம் தாங்க முடியாததாக இருந்தது. செவித்திறன் குறைந்தோருக்கு அது போதவில்லை. மண்டபத்தின் பொது விளக்குகளைப் பாதியாகக் குறைத்து உரைபெயர்ப்பாளர் மீது மட்டும் தனி விளக்கை வைப்பது, சத்தமில்லாத ஓர் அறையில் உரையைத் தணிந்த ஒலியில் கேட்கச் செய்வது ஆகிய யோசனைகள் அவர்களிடமிருந்தே வந்தன. விருந்தாளியாக அழைக்கப்பட்டவர்கள், கேட்டவுடன் ஏற்பாட்டாளரைவிட நுணுக்கமான திட்டமிடலோடு பேசினார்கள்.

கடுமையான கருத்து வேறுபாடு தமிழ் அமர்வு பற்றியது. தமிழிலேயே முழுமையாக நடக்கும் ஒரு தனி அமர்வு வேண்டும், அப்போதுதான் தயங்காமல் பேசலாம் என்றனர் ஒரு சாரார். தனியாகப் பிரித்தால் அதிகாரிகளும் அமைச்சுப் பிரதிநிதிகளும் அந்தப் பக்கம் வரமாட்டார்கள், சொல்வது எமக்குள்ளேயே நின்றுவிடும் என்றனர் மற்றவர்கள். இரண்டாமவர்களின் அச்சத்தில் உண்மை இருக்கிறது என்பது என் கருத்து. மாநாட்டுக்கு முந்திய நாளில் தமிழில் ஓர் ஆயத்தக் கூட்டத்தை நடத்தி, கேள்விகளை அங்கேயே எழுதி மொழிபெயர்த்து, பொது அமர்வில் அவற்றுக்கு நேரம் ஒதுக்கினால் இரு சாராரின் தேவையும் நிறைவேறும். முந்திய நாளே வந்து தங்குவதால் இரவுப் பயணத்தின் பாதிப்பும் குறையும். ஓர் இரவுத் தங்குமிடச் செலவு கூடும்.

அறிக்கையும் அதன் பின்னரும்

நிதி வழங்குவோருக்கான அறிக்கையில் ஒரு சராசரிப் புள்ளி தேவைப்பட்டது. இரண்டு முறையும் கிடைத்த பதில்களை ஒன்றாகக் கலந்து புதிய சராசரி ஒன்றைக் கணிக்கலாமா என்று கேட்டார்கள். நான் உடன்படவில்லை. கட்டத்தில் அடையாளமிட்ட பதிலும், தண்ணீர் குடிக்காமல் இருந்ததைச் சொன்ன குரல் பதிவும் ஒரே அளவுகோலில் கூட்டக்கூடியவை அல்ல. கூட்டினால் பெரும்பான்மையின் திருப்தி மறுபடியும் மற்றதை மூடிவிடும். நீண்ட கலந்துரையாடலின் பின்னர், படிவங்களின் முடிவும் உரையாடல்களின் முடிவும் தனித்தனியாக, ஒவ்வொன்றும் யாரிடமிருந்து, எந்த வழியில் பெறப்பட்டது என்ற குறிப்புடன் சேர்க்கப்பட்டன. யாரிடமிருந்து பதில் கிடைக்கவில்லை என்பதும் முதற்பக்கத்திலேயே எழுதப்பட்டது.

பதிவுப் படிவத்தில் ‘மாற்றுத்திறனாளி: ஆம், இல்லை’ என்றிருந்த ஒற்றைக் கேள்வி அடுத்த மாநாட்டிலிருந்து நீக்கப்படுகிறது. பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவில் வைத்தல், தன்னைத் தானே பராமரித்தல், தொடர்பாடல் ஆகிய ஆறிலும் உள்ள சிரமத்தின் அளவைக் கேட்கும், மாற்றுத்திறன் பற்றிய புள்ளிவிபரங்களுக்கான சர்வதேச அமைப்பாகிய வாஷிங்டன் குழுவின் ஆறு கேள்விகளும், எவ்வகை ஏற்பாடு தேவை என்ற திறந்த கேள்வியும் அந்த இடத்தில் வருகின்றன. உரைபெயர்ப்பாளர்கள் இருவர் இருவராக அமர்த்தப்படுவர். தமிழுக்குச் சிங்களத்திலிருந்து நேரடியாக மொழிபெயர்க்கக்கூடியோர் தேடப்படுவர். தமிழ் ஆவணங்கள் யாவும் யுனிகோடில் தயாரிக்கப்பட்டு, அனுப்புவதற்கு முன் விழிப்புலனற்ற ஒருவரால் பரிசோதிக்கப்படும். கருத்துக் கேட்பது முதல் நாள் மதியமே தொடங்கும். மாநாடு முடிந்த இரண்டு வாரங்களுக்குள் தொலைபேசி உரையாடல்கள் நடைபெறும். அதற்கான செலவு ஆரம்பத்திலேயே வரவுசெலவுத் திட்டத்தில் சேர்க்கப்படும். மேடை, முந்திய நாள் தங்குமிடம் ஆகியவை இன்னும் தீர்மானமாகவில்லை. கொள்கை அமர்வுகளின் பேச்சாளர்களுள் பாதிப் பேராவது மாற்றுத்திறனாளிகளாக இருக்க வேண்டும் என்ற பரிந்துரை ஏற்பாட்டுக் குழுவில் விவாதிக்கப்பட்டு வருகிறது. அக்குழுவில் மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர் இடம்பெறுவார்கள் என்பதும் அதனுடன் சேர்ந்தே தீர்மானிக்கப்பட வேண்டியது.

உரையாடிய அனைவருக்கும், எவை ஏற்கப்பட்டன, எவை ஏற்கப்படவில்லை, ஏன் என்பது அவரவர் பேசிய அதே வழியிலேயே திருப்பித் தெரிவிக்கப்பட்டது: குரல் பதிவாக, சைகைக் காணொளியாக, அல்லது தொலைபேசியில். அந்தப் பதிலைப் பெற்ற சிலர், பல கூட்டங்களுக்குச் சென்றிருந்தும் தாம் சொன்னதற்கு மறுமொழி கிடைத்தது இதுவே முதல் தடவை என்றார்கள். அடுத்த மாநாட்டுக்கான மண்டபத்தைத் தெரிவு செய்யும் முன்னர் கதவு அகலம், மலசலகூடம், மேடை உயரம் ஆகியவற்றை அளந்து பார்க்கச் செல்லும் குழுவில் தம்மையும் சேர்க்கும்படி வன்னியிலிருந்து இருவர் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கான பயண ஒழுங்குகள் தற்போது செய்யப்பட்டு வருகின்றன.